விக்கிரமசிங்கபுரத்தில் வெங்காயம் என்ன விலை?

ஆசியாவில் எந்த ஊரில் வெங்காயம் என்ன விலைக்கு விற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதுதான் எனக்கு வேலை. பாங்காக்கில் எங்கள் அலுவலகம் ஒரு மாடியின் பாதிதான். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், ஒரு கோப்பைத் தேநீர், பஸ் கட்டணம், ஆண்களுக்கு முடிவெட்டும் கூலி என்று எல்லா நாட்டுக்கும் ஒரே சாமான்கள்தான். மாதாமாதம் அவற்றின் விலை எங்களுக்கு வந்து சேரும். போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். சந்தைக்குப் போகிற எல்லாரும் செய்கிற காரியத்துக்குச் சம்பளம் வேறா என்று என் மாமியார் இன்னமும் கேட்கிறார்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அந்தக் கணக்கைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்தோனேசியாவின் கோடு தாளைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. தாய்லாந்து ஏறி மூச்சு வாங்கி நின்றது. ஜப்பானில் விலை இறங்கியது, அதற்கும் அவர்கள் கவலைப்பட்டார்கள். இந்தியாவில் வெங்காயம். டெல்லியில் வெங்காயத்தால் ஆட்சியே போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படி நாடே வெங்காயத்துக்கு அழுதுகொண்டிருந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வந்த விலை அசையவே இல்லை. ஆடி மாதம் விற்ற அதே விலை. வெங்காயம் மட்டுமல்ல, பருப்பும் எண்ணெயும் அப்படியே. அதே தாமிரபரணிக் கரையில் கீழே இருக்கிற ஸ்ரீவைகுண்டத்திலோ எல்லா ஊரையும்போல மூன்று மடங்கு. மூன்று ஊர்களுக்கும் விலை சேகரிப்பது ஜெபமணி என்ற ஒரே பெண்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்க்கிறவள் ரத்னா. ஜாவாக்காரி. அமைதியாக இருக்கிற எண்களை நம்பவே மாட்டாள். மூன்று தாள்களையும் என் மேஜையில் போட்டு, "உன் ஊர்தானே?" என்று கேட்டாள். என் ஊர்தான். பிறந்தது திருநெல்வேலி டவுன். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேலதிகாரி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இரண்டு பேரும் போய்ப் பாருங்கள், அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்றால் மூன்று ஊரையும் எடுத்துவிடலாம், இனி சென்னை மட்டும் போதும். சென்னை மட்டும் போதும் என்றால் ஜெபமணிக்கு வேலை இல்லை.

மார்கழித் தூறலில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினோம். ஜெபமணி வெளியே குடையோடு நின்றாள். நெடுநெடுவென்று உயரம், இருபத்தாறு வயதிருக்கும், பொருளாதாரத்தில் எம்.ஏ. கைப்பையில் ஒரு ஸ்பிரிங் தராசு வைத்திருந்தாள். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வெளியே வந்து இவளும் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பாளாம். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குத் தராசு எதற்கு என்று எனக்கு அப்போதே பட்டது. ரத்னாவிடம் சொன்னேன். "தராசு பையில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு" என்றாள்.

"எதும் தப்பா அக்கா?" என்று ஜெபமணி என்னிடம் பைய கேட்டாள். சும்மா பார்க்க வந்தோம் என்றேன். நம்பாத மாதிரி தலையாட்டினாள்.

காலைச் சாப்பாட்டுக்கே இடியாப்பமும் சொதியும் சொன்னேன். ஊருக்கு வந்து வேறு என்ன சாப்பிடுவது? ரத்னா தேங்காய்ப்பாலில் மிதந்த முருங்கைக்காயைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இது எங்கள் லோடே அல்லவா!" என்றாள். ஜாவாவிலும் காய்கறியைத் தேங்காய்ப்பாலில்தான் வேகவைப்பார்களாம். புட்டுக்கும் அவர்கள் ஊரில் கிட்டத்தட்ட அதே பெயர்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் முகத்தில் ஆய்வுக்கு வந்த களையே இல்லை. கை கழுவிவிட்டு வந்ததும் பழையபடி ஆகிவிட்டாள்.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம். இங்கே ஜெபமணி யாருக்கும் பழக்கமில்லை. வருவாள், ஒரு கிலோ வாங்குவாள், போய்விடுவாள். கடைக்காரர் வெங்காயம் முப்பத்தாறு என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரிசியில் அம்பை பதினாறு என்ற ரகத்துக்கு விலை கேட்டோம், சொன்னார். வாழைக்காய் மண்டியில் ஒருவர் விலை கேட்டதற்கே எரிந்து விழுந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது, ரத்னாவுக்கு ரொம்பத் திருப்தி.

முடிவெட்டும் கடைதான் வேடிக்கை. உள்ளே நான்கைந்து ஆண்கள் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமணி வாசலில் நின்றபடியே தெருவைப் பார்த்துக்கொண்டு, "கட்டிங் எவ்ளோ?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து, "யாருக்கு தாயி?" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நுரைக்குள்ளிருந்தவரும் சிரித்தார். ஒவ்வொரு மாதமும் இதே சிரிப்புதான் என்றாள் ஜெபமணி. மணிலாவிலும் இதே கதைதான் என்று ரத்னா சொன்னாள். அங்கே விலை கேட்கிற பெண் ஒரு நாள் வெறுத்துப்போய்த் தன் கூந்தலையே வெட்டிக்கொண்டு வந்தாளாம்.

மூன்றாம் நாள் மேற்கே போனோம். சேரன்மகாதேவி தாண்டியதும் பஸ் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. கண்டக்டர் யாரையும் பார்க்காமல் வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிசானப் பருவத்து நெற்பயிர் இரண்டு பக்கமும் பச்சையாக நின்றது, அதற்குப் பின்னால் மலை. பஸ்ஸே இறங்கி ஒரு டீக்கடையை நிறைத்தது. ரத்னா டீ குடித்துவிட்டு வழக்கப்படி விலை கேட்டாள். கடைக்காரர் கையை ஆட்டினார். "கடல் தாண்டி வந்த பிள்ளட்ட துட்டு வாங்கவா? நல்லாருக்கே! போங்கம்மா."

நான் மொழிபெயர்த்தேன். ரத்னா கோபித்துக்கொண்டாள். "அப்படியானால் இந்தத் தேநீரை நான் எந்தக் கட்டத்தில் எழுத? ஆசியாவிலேயே விலை இல்லாத தேநீர் என்றா?" அவள் துட்டை மேஜையில் வைக்க, அவர் எடுத்துத் திரும்பக் கொடுக்க, அது ஒரு கைகலப்பு மாதிரியே ஆகிவிட்டது. கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

அடுத்த பஸ் பிடித்து விக்கிரமசிங்கபுரம் போய்ச் சேரும்போது மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. இது ஜெபமணியின் சொந்த ஊர். அவள் அப்பா இந்த மில்லில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார், தங்கை நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், வீடு இவள் சம்பளத்தில் ஓடுகிறது. பஸ்ஸில் வரும்போது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

அவள் விலை எடுக்கும் மளிகைக்கடைக்குப் போனோம். அண்ணாச்சிக்கு ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி. நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம கட வெலய பாங்காக்குல வச்சிப் படிக்கது இவுகதானா? ஏ பிள்ள, முன்கூட்டியே சொல்லப்படாதா? உக்காருங்கம்மா, உக்காருங்க." எங்கிருந்தோ பன்னீர் சோடா வந்தது.

ஜெபமணி வழக்கம்போல, "அண்ணாச்சி, பல்லாரி ஒரு கிலோ" என்றாள்.

"பன்னெண்டு ரூவா" என்றார் அண்ணாச்சி.

பெரிய வெங்காயம் வந்தது. அழுகல் இல்லை, சின்னது இல்லை, நல்ல பருமன். ரத்னா தராசை வாங்கித் தானே நிறுத்தாள். சரியாக ஒரு கிலோ. அவள் புருவம் உயர்ந்து நின்றது. அப்படியானால் இந்தப் பெண் பொய் எழுதவில்லை. எனக்கு அந்த நிமிடத்தில் வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல, ஊர் மானம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏன் அண்ணாச்சி, அவளுக்கு மட்டும் என்ன பன்னெண்டு?"

பேச்சியம்மாள். ஜெபமணியின் அடுத்த வீட்டுக்காரி, புருஷன் மில்லில் இருக்கிறார். கையில் காலிப் பையோடு நின்றாள். "அண்ணாச்சி கடையில பல்லாரி சல்லிசு, அங்கன போய் வாங்குங்கக்கான்னு இந்தப் பிள்ளதான் சொன்னா. போன வாரம் வந்தேன். முப்பத்தாறு வாங்குனியளா இல்லையா? அவ பூப்போட்ட ரூவா வச்சிருக்காளா?"

அண்ணாச்சி தராசைத் துடைக்க ஆரம்பித்தார். ஜெபமணி ஒன்றும் புரியாமல் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வீட்டுச் சாமான் மில் தொழிலாளர் பண்டகசாலையில் வாங்குவது, இந்தக் கடைக்கு மாதம் ஒரு தடவை விலை எடுக்க மட்டும்தான் வருவாள். நம் அண்ணாச்சி நியாயமாக விற்கிறார் என்றே நினைத்திருக்கிறாள்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள்.

அவர் சொன்னார். ஆரம்பத்தில் ஜெபமணி வந்து, இந்த விலையைப் பல தேசத்து விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டால் சொல்ல வேண்டியதுதான், அது எங்கள் விதி. "சிங்கப்பூரு, ஜப்பானு, அங்கன எல்லாம் நம்ம ஊரு பேரு போகுது. நான் போயி முப்பத்தாறுன்னு சொன்னா அவன் என்ன நெனப்பான்? விக்கிரமசிங்கபுரத்துல ஒரு கொள்ளக்காரன் கட வச்சிருக்கான்னு நெனப்பாம்லா? அதான் பழைய வெலயவே சொன்னேன். சும்மா வாயால சொல்லல தாயி, அந்த வெலைக்கே நிறுத்துக் குடுத்தேன். மாசம் ஒரு கிலோ. ஊருக்காக ஒரு கிலோ போனா என்ன?" அம்பாசமுத்திரத்தில் அவள் விலை எடுக்கும் கடை இவருடைய மச்சினனுடையது. அங்கேயும் இதே உபகாரம்தான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏமாற்றுகிறவர்களை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். கைநஷ்டப்பட்டு ஏமாற்றிய ஒரே மனிதர் இவர்தான். அந்த நல்ல மனதின்மேல் எனக்கு வந்த கோபம் எந்தத் திருடன்மேலும் வந்ததில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பையல்லவா அது காலி செய்துகொண்டிருந்தது!

ரத்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இவள் எழுதியது உண்மை. ஆனால் அது விலை இல்லை" என்றாள். கடைக்கு வருகிற யார் கேட்டாலும் எந்தத் தொகையைச் சொல்கிறார்களோ அதுதான் விலை. இரண்டு ஊரின் கணக்கும் செல்லாது. இனிமேலும் இவளைப் பார்த்தால் இப்படித்தான் சொல்வார்கள் என்றால் இவளை வைத்துக்கொண்டு பயன் இல்லை. இதையும் நான்தான் ஜெபமணிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டில் முந்திரிக்கொத்து கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் செய்தது. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அவள் அம்மா எங்களை விழுந்து விழுந்து கவனித்தார், அவருக்கு விஷயம் தெரியாது. ஜெபமணி அடுக்களை வாசலில் நின்று, "நான் பொய் எழுதலக்கா" என்றாள். தெரியும் என்றேன். "ஆனா பேச்சியக்கா மாதிரி நூறு பேரு முப்பத்தாறு குடுத்திருக்காவ. நான் பன்னெண்டுன்னு எழுதி அனுப்பிட்டேன். அதுக்கு என்ன செய்யது?" வேலை போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை ரத்னாவே கிளப்பினாள், இன்னொரு தடவை அந்தக் கடைக்குப் போவோம் என்று. அண்ணாச்சி இரவெல்லாம் தூங்காதவர் மாதிரி இருந்தார். பேச்சியம்மாளும் அங்கே இருந்தாள். இவ்வளவு நடந்த பிறகு அவளை யாரால் வீட்டில் உட்கார வைக்க முடியும்?

"அண்ணாச்சி, பல்லாரி என்ன வெல?" என்று ஜெபமணி கேட்டாள்.

அவர் தராசைத் தள்ளி வைத்தார். "மத்த தேசத்துல எல்லாம் என்ன வெலம்மா? அத மொதல்ல சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார்.

ரத்னா பலகையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாடாகச் சொன்னாள். கொழும்பில் ஏறியிருக்கிறது. மணிலாவில் ஏறியிருக்கிறது. பாங்காக்கில் போன வருடம் பணத்தின் மதிப்பு விழுந்து இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறிவிட்டது. பிறகு தன் ஊரைச் சொன்னாள். நான் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"சோலோ என்ற ஊரில் என் அம்மா மளிகைக்கடை வைத்திருந்தாள். எங்கள் ஊரில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. வருடக்கணக்காக வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிக் கூட்டிச் சொல்வேன் என்று அம்மா பழைய விலைக்கே எல்லாருக்கும் கொடுத்தாள். விற்ற காசுக்கு மறுபடி சரக்கு எடுக்க முடியவில்லை. கடை காலியாயிற்று. வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருவில் போய்ப் பல மடங்கு கொடுத்து வாங்கினார்கள். அம்மா வெட்கப்பட்டு வெளியே வராமல் இருந்தாள். விலை ஏறியது அவள் குற்றம் இல்லை என்று எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இப்போது திரும்பவும் கடை போட்டிருக்கிறாள், சின்னதாக. சரியான விலையைச் சொல்லி விற்கிறாள். யாரும் அவளைக் கொள்ளைக்காரி என்று சொல்லவில்லை."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மைக்கி இப்பம் கட நல்லா ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றாள் ரத்னா.

பேச்சியம்மாள் அவ்வளவு பொறுமையாக இருந்ததே அதிகம். "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன். ரெண்டு மாசமா சாம்பாருல வெங்காயம் கெடையாது. பிள்ளைங்க தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சிப் போவுதுவ. நீங்க பாட்டுக்கு பன்னெண்டுன்னு சொல்லி அனுப்பிட்டிய. அப்பம் நாங்க பட்ட பாடு பாங்காக்குக்குத் தெரியாமலே போச்சா?"

நான் அதை ரத்னாவுக்குச் சொன்னேன். அவள் பேச்சியம்மாளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"பிள்ள, திரும்பக் கேளு" என்றார் அண்ணாச்சி.

"பல்லாரி என்ன வெல அண்ணாச்சி?"

"இன்னைக்கி முப்பத்திரண்டு. புதுச் சரக்கு, எல்லாருக்கும் நாலு ரூவா எறங்கிருக்கு." தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

நிறுத்தார். நிறுத்து முடித்ததும் கை தானாகக் குவியலுக்குப் போய் இன்னும் இரண்டு வெங்காயத்தை எடுத்துத் தட்டில் போட்டது. ஜெபமணி அந்த இரண்டையும் எடுத்து அவர் குவியலிலேயே திரும்ப வைத்தாள். "கொசுறு எல்லாருக்கும் உண்டுன்னா எனக்கும் போடுங்க. எனக்கு மட்டும்னா வேண்டாம்."

"எனக்கு என்னைக்கி கொசுறு போட்டாரு?" என்றாள் பேச்சியம்மாள். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். ஜெபமணி முப்பத்திரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். மச்சினனுக்குத் தானே போய்ச் சொல்லுவதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். இது போதாது என்று அந்த இரண்டு ஊரிலும் ஜெபமணியை யாரென்று தெரியாத கடை ஒவ்வொன்றைக் கூடச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் ரத்னா.

திரும்பும்போது பாசஞ்சர் ரயில். ஒவ்வொரு நிலையத்திலும் இஷ்டம்போல நின்றது. ரத்னா மடியில் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். இரண்டு ஊரின் பழைய மாதங்களை வெற்றாக விட்டுவிடலாம், ஆனால் காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "கடைக்காரர் தவறான விலை சொன்னார் என்று எழுதினால் அவரைத் திருடன் என்று நினைப்பார்கள். என்ன எழுத?" என்று என்னைக் கேட்டாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதினாள்: 'கடைக்காரர்கள் ஊர்ப் பெருமைக்காக விலையைக் குறைத்துச் சொன்னார்கள். சொன்ன விலைக்கே விற்கவும் செய்தார்கள்.' கீழே, மூன்று ஊரும் இருக்கட்டும், ஜெபமணியும் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். ஒரு மாதம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

தை மாதக் கணக்கு வந்தபோது இந்தியா முழுக்க வெங்காயம் இறங்கிவிட்டிருந்தது. விக்கிரமசிங்கபுரத்துத் தாளை ரத்னா என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். வெங்காயம் ஸ்ரீவைகுண்டத்து விலையோடு ஒத்துப்போயிற்று. பருப்பு ஏறியிருந்தது. எண்ணெய் ஏறியிருந்தது. டீகூட ஏறியிருந்தது. புதிதாகச் சேர்த்த கடைகளிலும் அதே விலைதான். மேலதிகாரி எட்டிப் பார்த்து, "சரி, வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்னா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், நானும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விலைவாசி ஏறியதற்கு அந்த வருடம் ஆசியாவிலேயே சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.